சிவப்பில்லாத தோல்விகள்

சனிக்கிழமைகளில் மதியம் மூன்று மணிக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும். காலை ஒன்பது மணிக்குக் குட்டிப் பிள்ளைகளின் பேட்ச். குதிரை எப்படிப் போகும் என்று ஆயிரமாவது தடவை சொல்லிக்கொண்டே ஒருவன் வாயிலிருந்து சிப்பாயைப் பிடுங்க வேண்டும், இன்னொருத்தியை பாத்ரூமுக்கு அனுப்ப வேண்டும், மூன்றாவது ஆள் அழுவதற்குள் அவனுடைய ராணியைத் தேடிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு பெரிய பிள்ளைகள், வரிசையாக நான்கு பேட்ச். விவேக் நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது எங்கள் செஸ் பள்ளி. என் மருத்துவச் செலவை உத்தேசித்துத்தான் அந்த இடத்தைப் பிடித்தார்களோ என்று கிண்டல் செய்வேன். முதலில் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை, நானும் பழக்கதோஷத்தில்தான் சொல்கிறேன்.

நானும் ஒரு காலத்தில் மாநில அளவில் ஆடியவள். அதைச் சொன்னால் பெற்றோர்கள் உடனே ரேட்டிங் எவ்வளவு என்று கேட்பார்கள். அதனால் சொல்வதில்லை.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியில் ஆடும்போது பிள்ளைகள் ஒவ்வொரு நகர்த்தலையும் ஸ்கோர் ஷீட்டில் எழுதுவார்கள். மேல்தாளை நடுவர் வாங்கிக்கொள்வார், கார்பன் பிரதி பிள்ளையிடம் இருக்கும். வீட்டுக்குப் போய் அந்த ஆட்டத்தை ஒரு லாங் சைஸ் நோட்டில் அழகாக எழுதிவிட்டுப் பிரதியைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். சட்டம் போட்டது நான்தான். நூறு கசங்கிய தாள்களைப் பத்திரப்படுத்த எனக்குத் தெம்பு இல்லை. திங்கட்கிழமைகளில் நோட்டுகளைத் திருத்துவேன். திருத்துவேன் என்று சொல்வது பெருமைக்கு. உண்மையில் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, ஒரு டிக் போட்டு, கையெழுத்துப் போடுவேன்.

அதுவும் முடியாமல் போனபோது, ஒரு பெற்றோர் கூட்டத்தில் புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். "ஆட்டத்த போன்ல இருக்குற செஸ் ஆப்ல போட்டுப் பாருங்க. பெரிய தப்புன்னா சிவப்பு காட்டும், சின்னதுன்னா மஞ்சள். சிவப்பு வர்ற எடத்துல நிறுத்தி, 'இங்க என்ன நெனச்ச?'ன்னு பிள்ளைங்கள கேளுங்க. அவ்வளவுதான்." எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். என் வேலையில் பாதி அன்றோடு குறைந்தது.

எல்லோரையும்விட ஒழுங்காகக் குறித்துக்கொண்டவர் ஒரு பத்து வயதுப் பெண்ணின் அப்பா. கோலார் தங்கவயலில் பிறந்தவர், அவருடைய அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். இவர் பெங்களூருக்கு வந்து, ஜோகுபாளையத்தில் வீடு எடுத்து, கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை போட்டி என்றால் அது நடக்கும் கல்யாண மண்டபத்துக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அடிக்கவோ திட்டவோ மாட்டார். வீட்டுக்குப் போய் நோட்டைப் பார்த்து ஆட்டத்தைப் போனில் ஏற்றுவார். சிவப்பு வந்ததும் போனை அவள் பக்கம் திருப்பி, "இங்க என்னமா நெனச்ச?" என்பார். அவள் பதில் சொல்லும்வரை திருப்பித் திருப்பி அதையே கேட்பார். பதில் வராவிட்டால் அதற்குப் பிறகு அன்று முழுக்க அவளிடம் பேச மாட்டார். இதை அந்தப் பெண்ணே ஒருநாள் சாதாரணமாக, மழை பெய்தது என்று சொல்வதுபோல, என்னிடம் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. என் வாக்கியம் அது. ஆனால் அடுத்த பேட்ச் படியேறி வந்துகொண்டிருந்தது. சரி, அப்புறம் அவரிடம் பேசலாம் என்று விட்டுவிட்டேன்.

அவள் மோசமான ஆட்டக்காரி இல்லை. வகுப்பில் நிதானமாக ஆடுவாள். போட்டியில் கடிகாரத்தை அழுத்தியதும் பதறி, ஏதாவது ஒரு காயைச் சும்மா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

ஒரு திங்கட்கிழமை அவளுடைய நோட்டைப் பார்த்து டிக் போட்டேன். அடுத்த நோட்டு எங்கள் பள்ளியிலேயே படிக்கும் இன்னொரு பெண்ணுடையது. அந்த வாரப் போட்டியில் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் மோதியிருந்தார்கள், இரண்டாமவள் ஜெயித்திருந்தாள். அவள் நோட்டில் ஆட்டம் பதினான்கே நகர்த்தல். குதிரை செக் சொல்லி ராணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, ஆட்டம் காலி. ஆனால் நான் சற்று முன் டிக் போட்ட நோட்டில் அதே ஆட்டம் ஒரு பக்கம் முழுக்க ஓடியதாக ஞாபகம். திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதே தேதி, அதே சுற்று, அதே எதிராளி. நகர்த்தல்கள் ஐம்பத்திரண்டு.

பலகையை எடுத்து வைத்து ஆடிப் பார்த்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு பிள்ளையின் ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை ஆடிப் பார்த்தது அன்றுதான். முதல் பெண் தனக்கே ஒரு பலவீனமான சிப்பாயை வைத்துக்கொண்டு, அதை இருபது நகர்த்தல் காப்பாற்றி, ராணிகளை மாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு யானையோடு கடைசிக் கட்டத்துக்கு வந்து, ராஜா ஓரடி தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் தோற்றிருந்தாள். பெரிய தப்பு ஒன்றுகூட இல்லை. ஆப்பில் போட்டேன். நான்கைந்து மஞ்சள் வந்தது, சிவப்பு வரவே இல்லை. எனக்கு டீ ஆறிப்போனது தெரியவில்லை. இப்படித் தோற்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். ஜெயிக்கிற ஆட்டத்தை யார் வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம். சிவப்பே வராமல் தோற்பதற்கு, சிவப்பு எங்கெல்லாம் வரக்கூடும் என்று இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்திக் கேட்டேன். நோட்டு இரண்டையும் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எப்போ எழுதின?"

"ஆட்டம் முடிஞ்சதும் மிஸ். முடிச்சவங்கள்லாம் டைனிங் ஹால்ல உக்காரலாம்ல, அங்க போர்டு இருக்கும். நானே ரெண்டு பக்கமும் ஆடினேன். முடிச்சிட்டுத்தான் வெளிய அப்பாகிட்ட போவேன்."

"ஜெயிச்ச மாதிரியே எழுதிருக்கலாமே?"

என்ன மிஸ் இது என்பதுபோலப் பார்த்தாள். "ரிசல்ட்டு செவுத்துல ஒட்டிருவாங்களே மிஸ். தோத்துதான் ஆவணும்."

"இது மட்டும்தானா?"

விரல்விட்டு எண்ணினாள். ஏழு ஆட்டங்கள். "அப்பா இப்போ பேசறாரு மிஸ்," என்றாள். "வழியில நிறுத்தி மசால் பூரி வாங்கித் தராரு. இந்த ஆட்டத்தப் பத்தியே ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசுவோம். சொல்லாதீங்க மிஸ், ப்ளீஸ்."

சொல்ல மாட்டேன் என்றேன். கருணையால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அவரைக் கூப்பிட்டுப் பேசுவது, அவர் கேள்வி கேட்பது, நான் பதில் சொல்வது என்று நினைத்தாலே எனக்கு அயர்ச்சியாக இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. திங்கட்கிழமைகளில் நான் ஆசையாகப் பிரிக்கும் ஒரே நோட்டாக அது ஆகிவிட்டது. மீதி நோட்டுகளுக்குக் கையெழுத்து மட்டும். இவளுடையதை மட்டும் பலகையில் வைத்து ஆடுவேன். நாளுக்கு நாள் நன்றாகத் தோற்றாள்.

இதற்கு நடுவில் அந்த அப்பா ஒரு மாலை என்னைத் தேடி வந்தார். "இப்போல்லாம் சிவப்பே வரது இல்ல மிஸ். தோக்கறா, ஆனா ஃபைட் பண்ணித் தோக்கறா. நீங்க சொன்ன ஐடியாதான் மிஸ், ரொம்ப தேங்க்ஸ்," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நான் தலையாட்டினேன்.

விஷயம் வெளியே வந்த அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல். வியாழக்கிழமைதோறும் பக்கத்து சர்ச்சுக்கு வரும் கூட்டத்தில் ஆட்டோ நகராமல் நடுவழியில் இறங்கி மழையில் நடந்ததன் பலன். லீவு கேட்டால் வேறு ஆள் இல்லை. நான்காவது பேட்ச் வந்து உட்கார்ந்தபோது என் கையில் பாடம் எதுவும் தயாராக இல்லை. மேஜையில் அவள் நோட்டு இருந்தது. சுவரில் மாட்டியிருக்கும் காந்தப் பலகையில் அவளுடைய கடைசி ஆட்டத்தை வைக்க ஆரம்பித்தேன். எதிராளி வெளி ஆள், எங்கள் பள்ளி இல்லை. யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். நினைத்தேனா என்பதே இப்போது சந்தேகம். அந்த ஆட்டத்தை யாரிடமாவது காட்ட வேண்டும் என்ற ஆசைதான் பெரிதாக இருந்தது.

"பாருங்க, உங்க ஃப்ரெண்டு ஆடினது. அறுபது மூவ். தோத்துட்டா, ஆனா எப்படிக் காப்பாத்திருக்கா பாருங்க," என்றேன்.

அவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். தலையை லேசாக அசைத்தாள், வேண்டாம் என்பதுபோல. நான் பார்த்தேன். பார்த்தும் அடுத்த காயை நகர்த்தினேன்.

அந்த ஆட்டத்தின்போது அவளுக்குப் பக்கத்துப் பலகையில் ஆடிய பெண் கை தூக்கினாள். "மிஸ், அறுபது மூவ் இல்ல மிஸ். அவ பதினஞ்சு நிமிஷத்துல எழுந்து போயிட்டா. நான் முடிச்சிட்டு டைனிங் ஹாலுக்கு வந்தா, தனியா உக்காந்து அவளே அவகூட ஆடிட்டு இருந்தா!"

வகுப்பு மொத்தமும் சிரித்தது. பிள்ளைகளின் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் சத்தம் நிறைய. அவள் அழவில்லை. பலகையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருமினேன். "சரி சரி, பஸில் புக் எடுங்க," என்றேன்.

விஷயம் சாயங்காலத்துக்குள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. யாரோ வேடிக்கையாகப் போட்டிருந்தார்கள், சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக. மறுநாள் காலை வகுப்பு தொடங்குமுன் அப்பாவும் மகளும் வந்து நின்றார்கள். அவர் கையில் நோட்டு.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நோட்டைப் பிரித்துப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். "இதப் பத்தித்தான் மிஸ் நாங்க பேசினோம், எத்தினி வாரமா. வேலையில கூட இந்த எண்டிங்கத்தான் யோசிச்சிட்டு இருப்பேன். இப்படி ஆடிருந்தா ஜெயிச்சிருப்பியேம்மான்னு போன் பண்ணிச் சொல்லுவேன். அது ஒண்ணுகூட நடக்கவே இல்லியாம்."  நோட்டை என் பக்கம் திருப்பிக் கேட்டார். "ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மிஸ்?"

தெரியும் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். பள்ளி முதலாளி பக்கத்து அறையில் இருந்தார். கீழே முதல் பேட்ச் பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வாயைத் திறந்தேன். என்ன சொல்ல இருந்தேன் என்று சத்தியமாக இன்றும் எனக்குத் தெரியாது.

"மிஸ் நோட்டெல்லாம் படிக்க மாட்டாங்கப்பா," என்றாள் அவள். "சும்மா சைன் போடுவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. வேலை அதிகம், எல்லாவற்றையும் பார்க்க முடிவதில்லை, இனிமேல் கவனிக்கிறேன் என்று என்னவோ சொன்னேன். அவர் அதை நம்பினார். என்னைப் பற்றி அவர் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்திருப்பார் போல. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. பத்து வயதுக் குழந்தை என்னைக் காப்பாற்றுவதற்காக, அவள் விஷயத்தில் மட்டும் உண்மையில்லாத ஒன்றைச் சொன்னாள். அது பொய் என்று அந்த அறையில் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்.

அவளை அவர் நிறுத்திவிடவில்லை. இன்னமும் வருகிறாள். நோட்டோடு இப்போது கார்பன் பிரதியையும் பின் குத்திக் கொண்டுவருகிறாள், அப்பாவின் ஏற்பாடு. எல்லாம் உண்மையான ஆட்டங்கள். பதினெட்டு நகர்த்தல், இருபத்தொன்று, ஒருமுறை பதினொன்று. ஒழுங்காகத் தோற்று ஒழுங்காக எழுதுகிறாள். வழியில் எங்கேயாவது ஸ்கூட்டரை நிறுத்துகிறாரா என்று நான் கேட்கவில்லை. வகுப்பு விட்டதும் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். இரண்டு பேரும் ஏறிப் போவார்கள், பேச்சு இருக்காது.

போன வாரம் மற்றவர்கள் போனபிறகு அவளிடம் கேட்டேன். "எனக்காக ஒண்ணு எழுதித் தரியா? முன்ன மாதிரி, நீயே ரெண்டு பக்கமும் ஆடி. நோட்ல வேணாம், தனித்தாள்ல. அப்பாவுக்குக் காட்ட வேண்டியது இல்ல."

பையில் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தி யோசித்தாள். கோபமெல்லாம் இல்லை. என்னிடம் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்.

"இல்ல மிஸ். உங்களுக்காக இன்னொரு வாட்டி அப்பாகிட்ட பொய் சொல்ல என்னால ஆவாது."

அவள் அப்பாவின் நம்பர் என் போனில் இருக்கிறது. இன்றுவரை நான் அழைக்கவில்லை.