வாரேன் என்றால் நடுங்கும் நெத்திலி

மேல்மாடிக்குப் புதிதாய்க் குடிவந்த பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் கதவைப் பூட்டி, அவர்களுடைய வண்டி தெருமுனை திரும்பியதும் உள்ளே இருக்கும் நாய்க்குட்டி ஆரம்பிக்கிறது. குரைப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இது அழுகை. படிக்கட்டு வழியே சொட்டுச்சொட்டாக இறங்கி எங்கள் அடுப்படி வரை வந்துவிடுகிறது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் என் மனைவி ரெஜினாவின் கை நின்றுபோகும். நான் பேப்பரை விரித்துப் பிடித்திருப்பேன். ஒரு வரி ஓடாது. இத்தனை வருசம் குடித்தனம் நடத்திய இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்து உட்கார்ந்திருப்பதை நீங்கள் கண்டால் சிரிப்பீர்கள்.

சத்தத்துக்கு வாசம் உண்டு என்றால் நம்புவீர்களா? இந்த அழுகை எனக்கு நனைந்த மரக்கதவாக மணக்கிறது. எச்சில் ஊறிய பலகை, அதில் கொஞ்சம் ரத்தம், மேலே உப்புக்காற்று. கடலோர ஊரான மண்டபத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கதவு அது.

அப்போது எனக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுவதை மேற்பார்ப்பது. மேற்பார்ப்பது என்றால் ஓரமாய் நின்று விரல் மரத்துப்போவது, வேறொன்றுமில்லை. ரெஜினா பாலம் தாண்டி ராமேஸ்வரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஓர் அறையும் அடுப்படியுமான வாடகை வீட்டுக்கு அவள் தம்பி அமலன் ஒருநாள் நெத்திலியைக் கொண்டுவந்தான். மீனில்லை, நாய். குட்டியில் அத்தனை ஒல்லியாம், வயிறு வேறு வெள்ளியாய் மின்னுமாம். அவன் படகில் போனால் கரையில் காத்துக்கிடந்து வளர்ந்தது. இப்போது அவன் ஓமானுக்கு மீன்பிடிக்கப் போகிறான். குனிந்து அதன் காதில் "வாரேன் நெத்திலி" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டுப் போனான். அது கதவைப் பார்த்து உட்கார்ந்தது. சாயங்காலம் வரை வால் ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் நின்றது.

நாங்கள் வீட்டில் இருந்தால் அதைப்போல நல்ல பிள்ளை ஊரில் கிடையாது. இரண்டு பேரும் வெளியே போனால் போச்சு. கதவைப் பிறாண்டி நகம் கிழியும். தண்ணீர்கூடத் தொடாது. என் பழைய செருப்பைக் கடிக்காமல், அதற்குள் மூஞ்சியைப் புதைத்து ஊளையிடும். இதெல்லாம் பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரர் சவூதியில். நாய் கிட்டே வந்தால் சேலையை ஒதுக்கிக்கொண்டு போகிறவர் அவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, குத்தம் சொல்லல. அது கத்துறதக் கேட்டா ஈரக்கொல நடுங்குது. மவுத்தான வீட்டுல ஒப்பாரி கேக்குற மாதிரி இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து வேலைவிட்டு வீடு திரும்பவே பயம். பூட்டைத் திறக்கும்முன் கதவில் காதை வைப்பேன். அழுகை கேட்டால் சாவியைப் போடவே மனசு வராது. கேட்காவிட்டால் இன்னும் மோசம்.

வாடைக்காற்று உரத்து அடித்த ஒரு மத்தியானம் ஒன்றுமே கேட்கவில்லை. திறந்தேன். ஜன்னல் கம்பிவலை கிழிந்து தொங்கியது. திண்டில் ரத்தம். நெத்திலி இல்லை. கடல் பக்கமாய் ஓடியதைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டே நூர்ஜகான் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டு எனக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். கரையில் நின்று பார்த்தால், நண்பர்களே, அந்தக் கடலை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை போலிருந்தது. வலைகளுக்குக் கட்டிய கறுப்பு மிதவை ஒவ்வொன்றும் ஒரு நாய்த்தலை. ஒன்று அலைக்குள் இறங்கும், போச்சு. மேலே வரும், மிதவைதான். எத்தனை தடவை அந்த நாய் என் கண்ணெதிரே செத்ததோ தெரியாது.

அமலனின் பழைய படகை ஓட்டுகிற சகாயம்தான் தூக்கிக்கொண்டு வந்தான். எஞ்சின் சத்தத்தை அது அடையாளம் கண்டிருக்கிறது.

"படகுக்குப் பின்னாலயே நீந்தி வந்துருக்கு மச்சான். தற்செயலாத் திரும்பிப் பாத்தேன்" என்றான். சங்கிலியில் கட்டிவையுங்கள் என்று மட்டும் சொல்லிப் போனான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ரெஜினா ஈர நாயை மடியில் போட்டுக்கொண்டு நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. தம்பி வரும்போது இதை உயிரோடு கொடுக்கவேண்டுமே என்பதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

மாட்டு டாக்டர் சங்கிலி கூடாது என்றார். கட்டினால் பயம் கூடும். கொஞ்சம் வெளியே போங்கள், அழ ஆரம்பிக்கும்முன் திரும்பி வாருங்கள், பிறகு இன்னும் கொஞ்சம். போகும்போதும் வரும்போதும் கொஞ்சாதீர்கள் என்றார். செய்தோம். கிளம்புகிற கோலம் அதற்குப் பழகட்டும் என்று, யூனிபாரம் உடுத்திக்கொண்டு ரெஜினா மீன் ஆய்ந்தாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் படுத்தேன். ஐஸ் கம்பெனி வேலைக்கு அதுவரை இல்லாத ஒரு மரியாதையும் வந்தது: வேகவைத்து முள் எடுத்த மீனைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டு உறையவைத்துக் கொண்டுவருவேன். அது நக்கி முடிப்பதற்குள் நாங்கள் தெருவரை போய் வந்துவிடலாம்.

ஆனால் சில நாள், சாவியைத் தொடும் முன்பே அதற்கு உடம்பு உதற ஆரம்பித்துவிடும். ஏன் என்று பிடிபடவில்லை. ஒரு சாயங்காலம் லுங்கியோடு மல்லாந்து கிடந்தபடி கம்பெனிக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "சரி சரி, நாளைக்கு வாரேன்." சிரட்டையை விட்டு நெத்திலி எழுந்தது. நாலு காலும் நடுங்க, நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது.

வாரேன். அந்தச் சொல்தான். நம் பக்கம் யார் வீட்டைவிட்டு இறங்கினாலும் போறேன் என்று சொல்வோமா? வாய் வராது. போவதற்கே நாம் வருவதைத்தான் சொல்கிறோம். நமக்கு அது வாக்கு. நெத்திலிக்கோ, சாத்தப்படும் கதவு.

அப்படியானால் இனி சொல்லவேண்டாம், பேசாமல் இறங்கிவிடலாம் என்றேன், பெரிய கண்டுபிடிப்பாளன் மாதிரி. ரெஜினாவின் முகம் வெளிறிவிட்டது. கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள்.

"எங்களப் பெத்த அய்யா அன்னைக்கு நாங்க தூங்குறோம்னு சொல்லாமப் போனாரு. படகு மட்டுந்தான் வந்துச்சு. நான் சொல்லாம எறங்க மாட்டேன்."

நாய் சொன்னால் நடுங்குகிறது, இவள் சொல்லாவிட்டால் நடுங்குகிறாள். அந்தச் சின்ன அறையில் எந்தப் பயத்தைத் தடவிக்கொடுப்பேன்? வழியை அவளே கண்டுபிடித்தாள். போகாமலே சொல்லுவோம் என்றாள்.

பூசை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொன்னோம். டீ ஆற்றிக்கொண்டே "வாரேன்". நகம் வெட்டிக்கொண்டே "வாரேன்". ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு மீன். சுவருக்கு அப்பாலிருந்து நூர்ஜகான் அக்கா, "காலைல இருந்து ரெண்டு பேரும் வாரேன் வாரேன்ங்கிறீங்க. எங்கனயும் போகக் காணமே, வண்டி பஞ்சரா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தவர், மறுநாளிலிருந்து துணி உலர்த்தும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமே நின்று "வாரேன்லே நெத்திலி" என்று ஒரு குரல் எறிந்துவிட்டுப் போவார். பெட்டை நாய் என்று சொல்லியும், ஆம்பளைப் பிள்ளையைக் கூப்பிடும் அந்த லே போகவில்லை.

நடுக்கம் மெல்ல மெல்லக் காதுக்குச் சுருங்கியது. பிறகு ஒரு கண்ணுக்கு. ஒரு காலை ரெஜினா பையை மாட்டிக்கொண்டு "வாரேன்" என்றாள். நெத்திலி கொட்டாவி விட்டு மூஞ்சியைத் தரையில் வைத்துக்கொண்டது. நானும் இறங்கிப் பூட்டினேன். துள்ளிக் குதித்திருக்க வேண்டும் நாங்கள். பஸ்ஸுக்கு நடந்தவள் பாதியில் நின்றாள்.

"நாம திரும்புவமோ மாட்டமோன்னு பதறிக் கெடக்க ஒரு சீவன் இருந்துச்சு. அதையும் பழக்கிட்டோம்."

அன்று காற்று பலமாக இருந்தது. ஐஸ் உடைக்கும் இடத்திலிருந்து தலையை நீட்டிப் பாலத்துப் பக்கமிருந்து வரும் பஸ்களை நாள் முழுக்கப் பார்த்தேன். நாய் இறக்கிவைத்த பயத்தை யாராவது தூக்கத்தானே வேண்டும்.

அமலன் லீவில் வந்தான். அவனைக் கண்டதும் நெத்திலி அழுதது, உருண்டது, அவன் சட்டையையே ஈரமாக்கியது. லீவு முடிந்து கிளம்புகிற அன்று பழையபடி குனிந்து காதில் சொன்னான். அது சிரட்டையை நக்கிக்கொண்டிருந்தது. வால் ஒரு தரம் தரையில் தட்டியது, அவ்வளவுதான். "என்னக்கா, என்னைய மறந்துருச்சா?" என்று கேட்டவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வெயிலுக்கு அசந்து கிடக்கு என்று ரெஜினா பொய் சொல்லி அனுப்பினாள்.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்துச் சமப்படுத்தி, ராமேஸ்வரம் போகிற யாத்திரை வண்டிகளை நிறுத்துகிறார்கள். நூர்ஜகான் அக்கா மகனோடு இருக்கத் தொண்டிக்குப் போய்விட்டார். நெத்திலி வயதாகி, ஒரு விடுமுறைப் பகலில், நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கும்போதே போனது. வயிற்றில் ரெஜினாவின் கை இருந்தது. தனியாய் விடவில்லை என்று பிறகு எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, அழும்முன் திரும்பி வந்து, அத்தனை பொறுமையாய்ப் பழக்கினோம். எங்களை அது அப்படிப் பழக்கவில்லை. ஒரேயடியாகப் போய்விட்டது.