ஒரு கைப்பிடி குறைந்த புல் சாக்கு

மாசியில் மகளுக்குக் கல்யாணம் முடித்துத் திருப்பூருக்கு அனுப்பினோம். ஆனையூர் வீட்டில் அவள் எனக்கு விட்டுப்போனது ஒரு வெள்ளை முயலும் இரண்டு சாக்குக் காய்ந்த புல்லும். மாப்பிள்ளை வீட்டில் பிராணி வளர்ப்பது ஆகாதாம். கார் ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுததைவிட முயல் கூண்டின் முன்னால் உட்கார்ந்து அழுததுதான் அதிகம். அதில் எனக்குக் கோபம். ஒரு முயலோடு போட்டி போடுகிற வயதா எனக்கு?

போவதற்கு முன் சாக்கைத் தட்டிக் காட்டிச் சொன்னாள். "அம்மா, இதுதான் அதுக்குச் சோறு. கூண்டுல எப்பவும் கெடக்கணும், தீரத் தீர வைக்கணும். கீரையெல்லாம் தொட்டுக்கிற மாதிரிதான். காலைல ஒரு கைப்பிடி, சாயங்காலம் ஒரு கைப்பிடி. பழம் வேணவே வேணாம்."

"உன்னையே வளத்து ஆளாக்கிருக்கேன், இதை வளக்க மாட்டேனா" என்றேன்.

திருவாதவூர்ப் பக்கம் மாடு வைத்திருக்கும் ஒருவரிடம் சொல்லி, நிழலில் காயவைத்து வாங்கிய புல் அது. பச்சை முழுதாகப் போகாமல் வாசனையாகத்தான் இருக்கும். ஆனால் என் கண்ணுக்கு அது சருகு. நான் சமைக்கிற வீட்டில் ஒரு உயிர் நாள் முழுக்கச் சருகைக் கடித்துக்கொண்டு கிடப்பதா? எங்கள் பக்கம் சாப்பிட உட்கார்ந்தவரிடம் எவ்வளவு வைக்கட்டும் என்று கேட்பதே மரியாதைக் குறைவு. போதும் போதும் என்று கையை வைத்து மறைத்தாலும், விரலை விலக்கிவிட்டு ஒரு கரண்டி போடுவதுதான் உபசாரம். மகள் இந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் அப்படித்தான் சாப்பிட்டாள்.

முதல் சாக்குத் தீரும்வரை அவள் சொன்னபடியே செய்தேன். அது தீர்ந்த வாரம் கத்திரி வெயில் தொடங்கியது. மாடியில் காயப்போட்ட துணி அரை மணி நேரத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும். இந்த வெயிலில் காய்ந்த புல்லைத் தின்றால் உடம்புச் சூடு ஏறிச் செத்துப்போகும் என்று நானே முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. சூட்டுக்குக் குளிர்ச்சி கொடுக்கத் தெரியாதவளா நான்? இரண்டாவது சாக்கைக் கட்டுப் பிரிக்காமல் மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டேன். முயலுக்குச் சிறுகீரை, கொத்தமல்லி, வெள்ளரிக்காய், மத்தியானத்தில் குளிரக் குளிரத் தர்பூசணி.

கூண்டைத் திறந்துவிட்டிருக்கும் நேரத்தில் ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் ஓடி வந்து என் கால் பெருவிரலை முகரும். மகள் இருந்தவரை என்னைத் திரும்பியும் பார்க்காத முயல் அது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர், "முயலுக்குத் தெனமும் பந்தி நடக்குது போல. எனக்கும் ரெண்டு துண்டு வெள்ளரிக்கா மிஞ்சுமா?" என்று கேலி செய்வார்.

உருண்டை உருண்டையாக விழும் புழுக்கை கொழகொழவென்று காலில் ஒட்ட ஆரம்பித்தது. சூட்டு வயிறு என்று நினைத்து, வெள்ளரிக்காயை இன்னும் கூட்டினேன். போனில் மகள் தினமும், "புல்லு திங்குதாம்மா?" என்பாள். "திங்குது, திங்குது" என்பேன்.

வைகாசி அமாவாசைக்குப் பசுவுக்குக் கொடுப்பதற்காக அகத்திக்கீரைக் கட்டு வாங்கி வைத்திருந்தேன். தெருவுக்கு வழக்கமாக வரும் பசு அன்று வரவில்லை. வாங்கிய கீரை வாடிப்போனால் பாவம் என்று முழுக்கட்டையும் முயலுக்கு வைத்தேன். பசுவுக்குக் கொடுத்தால் என்ன, வாயில்லாத இன்னொன்றுக்குக் கொடுத்தால் என்ன, புண்ணியம்தானே என்று நினைத்துக்கொண்டேன். நாலு இலை கடித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

மறுநாள் காலையில் கூண்டின் மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. கூண்டின் அடித்தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினேன். அசையவில்லை.

கூடையில் ஈரத்துண்டு விரித்து, ஆட்டோ பிடித்துப் பழங்காநத்தத்தில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்தார்.

"கடைசியா காஞ்ச புல்லு எப்பம்மா சாப்பிட்டுச்சு?"

"ஒரு மாசம் இருக்கும் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். "முயலுக்குக் குடல் ஓடிக்கிட்டே இருக்கணும்மா. அதை ஓட வைக்கிறது இந்தக் காஞ்ச புல்லுதான். கீரை நல்லதுதான், ஆனா அளவு இருக்கு. வெறும் கீரையும் பழமும்னா குடல் நின்னுபோகும்" என்றார். ஊசி போட்டார். சிரிஞ்சில் கரைசல் புகட்டச் சொல்லிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படிக்கு அடியில் புகுந்து, சாக்கின் கட்டை அரிவாள்மனையால் அறுத்து, ஒரு கைப்பிடி புல்லை எடுத்து அதன் வாயருகே வைத்தேன். மூக்கைக் கொண்டுவந்து புல்லில் வைத்துக்கொண்டது. தின்ன முடியவில்லை. மறுநாள் மத்தியானம் என் மடியிலேயே போய்விட்டது. கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தோம்.

மகளிடம் போனில், "வெயில் தாங்கலைடி" என்று சொன்னேன்.

வெகுநேரம் அழுதாள். பிறகு என்னைத் தேற்றினாள். "விடும்மா. இந்த வெயிலுக்கு நீ என்ன செய்வ? நீ அதை எம்புட்டு நல்லாப் பாத்துக்கிட்ட." அருகில் இருந்த என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வாசலுக்குப் போனார்.

ஆடிக்கு அவளை அழைத்து வந்தோம். இடையில் அந்தச் சாக்கை யாருக்காவது கொடுத்திருக்கலாம். பத்துத் தடவையாவது அதன் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன், தொட மனம் வரவில்லை. வந்த மறுநாள் விளக்குமாறு எடுக்க மாடிப்படிக்கு அடியில் குனிந்தவள், அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"அம்மா, இந்தச் சாக்கு அப்படியே இருக்கு."

வேறு புல் வாங்கினோம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். "அதுல ஒரு கைப்பிடிதான்டி எடுத்தேன். அதுவும் கடைசி நேரத்துல. வெயில்ல சாகல, நான்தான் கீரையும் பழமுமாக் குடுத்துக் கொன்னுட்டேன்" என்று ஆரம்பித்து அகத்திக்கீரை வரை எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கின் வாயைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லிட்டுத்தானம்மா போனேன்" என்றாள். சாக்கின் வாயை மடித்து வைத்தாள்.

மத்தியானம் தட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவளுக்காகச் செய்த கருவாட்டுக் குழம்பும் கத்திரிக்காய்ப் பொரியலும் இருந்தன. வழக்கம்போலக் கரண்டியில் சோற்றைக் குவித்து அள்ளிவிட்டேன். தட்டுக்கு மேலே கை நின்றுவிட்டது.

"எம்புட்டு வைக்கட்டும்?" என்று கேட்டேன். இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் நான் இப்படிக் கேட்டதே இல்லை.

அவள் நிமிர்ந்து பார்க்காமல் என் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். "நானே போட்டுக்கிறேன்மா" என்றாள். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை அவளுக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தேன்.