உருத்திரமூர்த்தி அண்ணையின் நீரடைப்பு

பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருக்கிற கட்டிடத்தில் உருத்திரமூர்த்தி அண்ணை கீழ் வீடு, நான் அவருக்கு நேர் மேல் வீடு. பதினொரு வருடமாக அப்படித்தான். அவருக்கு எழுபத்து மூன்று வயது. ஊர் அளவெட்டி. எண்பத்தாறில் கனடா வந்து, சபனெல் தெருவில் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் துணி வெட்டியவர். அறுபது துணியை அடுக்கி விரித்து, மின்சாரக் கத்தியால் ஒரே இழுப்பில் கழுத்து வெட்டுவார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லுவார்கள். அதிகம் கதைக்காத மனிதர்.

அவருடைய மனைவி சிவமலர் அக்காவுக்கு நாலு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. ஆறேழு சொற்கள்தான் மிஞ்சின. வா, இல்லை, தண்ணி, சிறுநீருக்குச் சலம், இவர், மகளின் பெயரில் பாதி. அண்ணைதான் அவவைத் தூக்கி இருத்துவார், குளிக்க வார்ப்பார், பம்பேஸ் மாற்றுவார், தலை வாரி இழுத்து விடுவார். மகள் தாட்சாயினி லொங்குய்யில் இருந்தாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்துக்கொண்டு வருவாள்.

அண்ணைக்குச் சலம் போவதில் கரைச்சல் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முட்டிக்கொண்டு வரும், போய் நின்றால் வராது. சொட்டுச் சொட்டாகப் போகும். வெளியே வந்து பத்து நிமிடத்தில் திரும்ப முட்டும். மெட்ரோவில் ஏற அவருக்குப் பயம், இறங்குகிற நிலையத்தில் கழிவறை இராது. நூலகத்தில் ஒன்று, சந்தியிலுள்ள கோப்பிக் கடையில் ஒன்று, தமிழ்க் கடையின் பின்பக்கம் ஒன்று. அந்த மூன்றுக்குள்தான் அவருடைய நடமாட்டம். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டிய நாளில் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டார். குடும்ப டொக்டர் அவருக்கு இல்லை. அரசாங்கப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்.

கீழ் வீட்டில் ஃபிளஷ் இழுக்கிற சத்தம் எனக்கு ஒரு நாளைக்கு இருபது தரம் கேட்கும். அக்காவுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஜனவரியில் அவருக்குத் தடிமன் பிடித்தது. இருமினால் அக்காவுக்குத் தொற்றிவிடும் என்று பயந்து, மருந்துக் கடையில் மூக்கடைப்புக் குளிசை ஒரு பெட்டி வாங்கினார். புரொஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது என்று பெட்டியில் பொடி எழுத்தில் பிரெஞ்சில் இருந்தது. அவர் கண்ணாடி போட்டும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் தனக்கு இருப்பது அதுதான் என்று அவருக்கு யார் சொன்னது? இரண்டு நாள் போட்டார். மூக்குத் திறந்தது. வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு சலம் ஒரு சொட்டும் போகவில்லை.

சனி காலை எட்டு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து சிவமலர் அக்காவின் தங்கை யோகராணி வழக்கம்போலப் போன் எடுத்திருக்கிறா. இவர் வேறு வழியில்லாமல் அவவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், அதுவும் சுற்றிவளைத்து.

"அத்தான், அது நீரடைப்பு. நெருஞ்சில் அவிச்சுக் குடியுங்கோ. பார்லியும் போடுங்கோ. எங்கட அப்புவுக்கு உடன கேட்டது."

தமிழ்க் கடையில் வாங்கிய நெருஞ்சில் பொட்டலம் ஒன்று குசினி அலுமாரியில் இருந்தது. அவித்தார். இரண்டு பெரிய கோப்பை குடித்தார். பிறகு பார்லித் தண்ணீர் ஒரு கோப்பை. குடித்தது முழுக்கக் கீழே இறங்கி, வெளியேற வழியில்லாமல் நின்றது. பத்து மணிக்கு அடிவயிறு கல்லுப்போல எழும்பிவிட்டது. மகளுக்கு எடுத்தார். அவள் வேலையில், போன் பூட்டியிருந்தது. அம்புலன்ஸைக் கூப்பிடலாம், ஆனால் அக்காவை யாரிடம் விடுவது? குளியலறைக்கும் அக்காவின் கதிரைக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். குனிந்தால் வலி, நிமிர்ந்தால் வலி. பதினொன்றரைக்கு என் கதவைத் தட்டினார். மேல்மாடிக்கு ஏறி வந்ததில் முகம் வெளிறி, நெற்றியில் வியர்வை.

"தம்பி வசீகரன், கார் நிக்குதோ?"

"ஓம் அண்ணை. என்ன?"

"ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போகவேணும். வயித்துக்குள்ள குத்துது."

"அக்கா?"

"அவவையும் கொண்டுபோவம். தனிய விடேலாது."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அக்காவைத் தூக்கிக் காருக்குள் இருத்த நான்தான் போனேன். அவர் தானும் ஒரு பக்கம் பிடிக்க வந்து, பாதியில் கையை விட்டுவிட்டுக் கார் கதவில் சாய்ந்து நின்றார். அக்காவைத் தூக்காமல் அவர் விட்டதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

அவசரப் பிரிவில் முதலில் பார்க்கிற தாதி ஒரு இளம் பெண். பிரெஞ்சில் கேட்டாள். அண்ணை எனக்கு இடம் விடாமல் தானே பதில் சொன்னார், வயிற்று வலி என்று. சத்தி எடுத்ததா? இல்லை. காய்ச்சல்? இல்லை. வயிற்றோட்டம்? இல்லை. எத்தனை மணியிலிருந்து? காலையிலிருந்து. அவள் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்து, வலியால் இருக்கும் என்று தட்டச்சு செய்து, ஒரு இலக்கம் தந்து இருக்கச் சொன்னாள். அந்தப் பெண்ணின் வயது தாட்சாயினியின் வயதுதான். அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். என்னிடமும் அவர் சொல்லவில்லை.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். இருந்தோம் என்பது பிழை, அவர் இருக்கவில்லை. கழிவறைக்குப் போவார், வருவார், சுவரைப் பிடித்து நிற்பார், திரும்பப் போவார். உதட்டைக் கடித்துக் கடித்து இரத்தம் வந்திருந்தது. நான் இரண்டு தரம் தாதியிடம் போய்க் கேட்டேன். உங்களுக்கு முன்னால் பதினேழு பேர் என்றாள்.

இரண்டரை மணி போல அக்கா "சலம்" என்றா.

"அண்ணை, அக்காவுக்கு மாத்தவேணும் போல" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "வெளிக்கிடேக்கதான் மாத்தினது. காய்ஞ்சுதான் இருக்கும்."

அக்கா திரும்பவும் "சலம்" என்றா. நான் குனிந்து, "பொறுங்கோ அக்கா, மாத்துவம்" என்றேன். அவ இடது கையால் கதிரைப் பிடியில் ஓங்கி அடித்தா. சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என் ஜாக்கெட் கையைப் பிடித்து இழுத்து, அண்ணையின் வயிற்றை நோக்கி விரலை நீட்டினா.

"இவர்" என்றா. மூச்சு வாங்கியது. "இவர். சலம். இல்லை."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணை, எப்பயில இருந்து?"

"நேற்றுப் பின்னேரம்."

நேரே அந்த இளம் தாதியின் கண்ணாடிக் கூண்டுக்குப் போய், வரிசையில் நின்றவரைத் தாண்டி, இருபத்தொரு மணித்தியாலமாக இவருக்குச் சிறுநீர் போகவில்லை என்று சொன்னேன். அந்தப் பெண் எழும்பி ஓடி வந்தாள். ஏன் முதலே சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை, அது அவளுடைய நல்ல குணம். ஒரு சின்னக் கருவியை அடிவயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். ஆயிரத்து முந்நூறு மில்லிலீட்டர். இரண்டு லீட்டர் கோலாப் போத்தல் ஒன்றில் அரைவாசிக்கு மேல்.

குழாய் போட்டது நடுத்தர வயதுள்ள ஒரு ஆண் தாதி. முதல் குழாய் போகவில்லை. இரண்டாவதும் பாதியில் நின்றது. அண்ணை என் கையைப் பிடித்திருந்தார். துணி வெட்டிய கை, இன்னும் பலமானது, என் விரல்கள் விறைத்துவிட்டன. அந்தத் தாதி அவருடைய கவனத்தைத் திருப்பப் பேசிக்கொண்டே இருந்தான். முந்நூறு வருடத்துக்கு முன் இதை வெள்ளிக் குழாயால் செய்தார்களாம், மரத்துப்போகச் செய்கிற மருந்தும் இல்லையாம். சில கிழவர்கள் அந்தக் குழாயைத் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தார்களாம், நடுவழியில் அடைத்தால் தாங்களே போட்டுக்கொள்ள. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அண்ணை கேட்டாரோ தெரியாது. நுனி வளைந்த மூன்றாவது குழாய் போய்ச் சேர்ந்தது. பை நிரம்பத் தொடங்கியதும் அவருடைய கை தளர்ந்தது. அழுதார். மெர்சி, மெர்சி என்று அந்த மனிதனிடம் பல தரம் நன்றி சொன்னார்.

நாலு மணிக்குத் தாட்சாயினி போனைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தாள், வேலை உடுப்போடு.

"ஏனப்பா இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை? நான் இந்த வேலைதானே செய்யிறன்."

"உனக்கு எப்பிடியம்மா சொல்லுறது?"

அவள் தாயின் பக்கத்தில் போய் நின்றாள்.

சலம் பின்னால் தள்ளியதில் சிறுநீரகங்கள் அடிபட்டுவிட்டன என்று டொக்டர் சொன்னார். நாலு நாள் வைத்திருந்து, தொடையில் கட்டிய பையோடு வீட்டுக்கு விட்டார்கள். இரண்டு வாரத்தில் குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் குடிக்கவைத்து மத்தியானம் வரை காத்திருந்தார்கள். போகவில்லை. திரும்பப் போட்டார்கள். ஒப்பரேஷன்தான் வழி, ஆனால் ஐந்தாறு மாதம் செல்லும் என்றார்கள். பாரம் தூக்கக் கூடாது என்றும் சொன்னார்கள்.

தூக்காமல் எப்படி? அக்கா பாரம்தானே. காலையில் அரசாங்கச் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் ஒரு மணித்தியாலம் வருவா. மிச்ச இருபத்து மூன்று மணித்தியாலத்துக்கு அவர்தான். ஒவ்வொரு தரம் தூக்கும்போதும் குழாய் இழுபடும், பைக்குள் சிவப்பாக வரும். அதை மறைக்கக் காற்சட்டைக்கு மேல் சாரம் கட்டிக்கொண்டார். பெப்ரவரி கடைசியில் இரத்தம் உறைந்து குழாய் அடைத்தது. அதே வலி, அதே கல்லு வயிறு. இந்த முறை அம்புலன்ஸை அவரே கூப்பிட்டார், சங்கதியை முதல் வசனத்திலேயே சொன்னார். ஆனால் அவரை ஏற்றிக்கொண்டு போனபோது அக்கா கட்டில் நுனியில் தனியே இருந்தா. நான் வேலையில் இருந்தேன். அவர் போனில் சொல்லித் தாட்சாயினி வந்து கதவைத் திறந்தபோது அவ நிலத்தில் கிடந்தா. எலும்பு முறியவில்லை.

அதற்குப் பிறகு மகள் விடவில்லை.

"அப்பா, ஒப்பரேஷன் முடியும்வரைக்கும் அம்மாவை ஒரு இடத்தில விடுவம். நான் நல்லா விசாரிச்சிட்டன்."

"அவவுக்கு அங்க ஆரோட கதைக்கிறது?"

"இஞ்ச மட்டும் கதைக்கிறாவோ?"

அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். இடம் கிடைத்தது இல்-பிசார் தீவில். நல்ல இல்லம், ஜன்னலால் மரங்கள் தெரியும். ஆனால் அந்தத் தீவுக்குப் பஸ் ஓடுவது குறைவு. தொடையில் பையோடு பஸ் மாறி மாறி, போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். மார்ச் குளிரில் குழாய்க்குள் சலம் குளிர்ந்து தொடையில் படும் என்பார். கிழமைக்கு நாலு நாள் போனார். அக்கா அங்கே சாப்பிடவில்லை, இவர் ஊட்டினால் மட்டும் கொஞ்சம். இரண்டு மாதத்தில் அவவிடம் மிஞ்சியிருந்த சொற்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மே மாதம் அவர் என் வீட்டுக் குசினியில் இருந்து சொன்னார்:

"தம்பி, நான் அண்டைக்கு வெக்கப்படாமல் ஒரு டொக்டரிட்டச் சொல்லியிருந்தால் அவ இப்ப வீட்டில இருப்பா."

அப்படி இல்லை அண்ணை என்று சொல்ல நினைத்தேன். அவர் சொன்னது பொய் இல்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ஜூனில் ஒப்பரேஷன் நடந்தது. குழாயைக் கழற்றிய அன்று பின்னேரம் தானாகச் சலம் போனார். கழிவறையிலிருந்தே தாட்சாயினிக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவள் உடனே எனக்கு எடுத்துச் சொன்னாள். ஆறு கிழமைக்குத் தூக்கக் கூடாது என்றதை இந்த முறை எழுத்துப் பிசகாமல் கேட்டார். இல்லத்துக்காரர் நிரந்தர இடம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றார். ஆளைத் தூக்குகிற மெஷின் ஒன்றை வீட்டுக்குத் தரும்படி விண்ணப்பித்து, அது வந்து கூரையில் பூட்டிய பிறகு, செப்டெம்பர் இரண்டாம் கிழமை அக்காவை நானும் அவருமாகப் போய்க் கூட்டிவந்தோம். வழி முழுக்க அவ பேசவில்லை. இன்றுவரை ஒரு சொல்லும் வரவில்லை. இவர் சொன்னால் கண்ணால் ஓம் என்பா.

அவருடைய சிறுநீரகங்கள் பழைய நிலைக்கு வரவில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உப்பில்லாத கறியை அக்கா துப்பிவிடுகிறா என்று இப்போது இரண்டு சட்டியில் சமைக்கிறார். நேற்று மத்தியானம் இறங்கிப் போனபோது அக்காவின் மீன்குழம்புதான் அடுப்பில் கொதித்தது. தான் சுவைத்துப் பார்க்கக் கூடாது என்று ஒரு கரண்டியை என்னிடம் நீட்டி, உப்புப் போதுமோ என்று கேட்டார்.