சொம்புக்குள் கத்திய கம்ப்யூட்டர்

என் மனைவி அதற்கு வைத்த பெயர் ஓட்டை டப்பா. நான் வைத்த பெயர் கம்ப்யூட்டர். நியாயமாகப் பார்த்தால் என் பக்கம்தான் உண்மை. உள்ளங்கையில் அடங்கும். பச்சை கலந்த சாம்பல் நிறத் திரை, அதன் கீழே சில பொத்தான்கள், முதுகில் செருகி வைக்க ஒரு குச்சிப் பேனா. பேனாவால் திரையைக் குத்தினால் கேட்டதைச் செய்யும். அதில் பேச முடியாது, படம் எடுக்க முடியாது, சிம் போட இடம் கிடையாது. இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்வாள். பார்க்கப் போனால் எங்களைக் காப்பாற்றியது அந்தக் குறைதான்.

பிஸ்கட் கம்பெனி ஒன்றில் நான் லைன் சேல்ஸில் இருந்தபோது ஆர்டர் எடுப்பதற்காகக் கொடுத்தது அது. உத்திரமேரூர் கடைத்தெருவில் தொடங்கி சாலவாக்கம் வரை கடை கடையாகப் பைக்கை நிறுத்தி, பேனாவால் குத்திக் குத்தி ஆர்டர் எடுப்பேன். கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நான் ஒரு டாக்டர் மாதிரி எனக்கே தோன்றும். பிறகு கம்பெனி ஃபோனுக்கு மாறியது. பழையதை நீயே வைத்துக்கொள் என்றார்கள். அப்புறம் நானும் வேலையை விட்டுவிட்டு, சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே விவசாயம் பார்க்க வந்துவிட்டேன். கம்ப்யூட்டரும் கூடவே வந்தது.

நன்றாக ஓடுகிற பொருளை யாராவது பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அது என்ன பாவம் செய்தது? அதனால் அதற்கு வேலை தேட ஆரம்பித்தேன். இட்லி வேகும் நேரத்துக்கு அலாரம் வைத்தேன். நிலக் கணக்கில் குழியைச் சென்ட்டாக மாற்ற வைத்தேன். டிவி ரிமோட்டை எலி கடித்துப் போட்டபோது, கூட வேலை பார்த்தவர் என்றோ ஏற்றிக் கொடுத்திருந்த ஒரு புரோகிராமைத் தேடி எடுத்து, கம்ப்யூட்டரை டிவிக்கு நேராக நீட்டிச் சேனலை மாற்றினேன். சரியாக அவளுடைய சீரியல் தொடங்கும் நேரம். அன்று ஒரு நாள் மட்டும் அவள் அதை டப்பா என்று சொல்லவில்லை.

மார்கழியில் அவளே அதைக் கையில் எடுத்தாள். பேனாவால் திரையில் புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பார்ப்பாள். ஒரு நாள் நான் பேட்டரி செல் மாற்றுவதற்குக் கொஞ்சம் தாமதித்துவிட்டேன். அந்த மாடல் அப்படி: செல் இல்லாமல் சற்று நேரம் இருந்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். மாதம் முழுக்கப் போட்ட கோலங்கள் போயின. நான் பதறினேன். அவள், "வாசல்ல போட்ட கோலமே மறுநா வரிக்கும் நிக்கல. இதுல போட்டது இன்னா நிக்கப் போவுது?" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

சொம்பும் அவள் யோசனைதான். அலாரம் சத்தம் மாட்டுக் கொட்டகை வரை கேட்கவில்லை என்று கம்ப்யூட்டரைத் தூக்கி ஒரு வெண்கலச் சொம்புக்குள் போட்டாள். அவ்வளவுதான். கீச் கீச் என்று இருந்தது கணீரென்று தெருவுக்கே கேட்டது. உத்திரமேரூரில் நான் செல் வாங்குகிற கடை பாயிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இதுக்கு இன்னும் உசுரு கீதா?" என்றார். "உங்க கடையில செல்லு இருக்கிற வரிக்கும் கீது பாய்" என்றேன்.

இனி அவளுடைய கழனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரிக் கால்வாயின் கடைசியில் இருக்கிறது அது. கடைமடை. நான் மேட்டு நிலத்தில் வேர்க்கடலை, காய்கறி என்று பார்த்துக்கொள்வேன். கால்வாய்க் கழனி முழுக்க அவள் பொறுப்பு. முந்தைய நவரைப் பட்டத்தில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் வந்து சேராமல் அத்தனையும் பதராகிவிட்டது. அறுத்ததை மாட்டுக்குப் போட்டாள். அடுத்த நவரைக்கும் அதே கழனியில் அதே நெல்லை நட்டாள். ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டதற்கு, "ஏரி எனக்கும் தானே?" என்றாள்.

அந்த வருடமும் மாசிக்குள் ஏரி இறங்கிவிட்டது. இருக்கிற தண்ணீர் எல்லோருக்கும் ஒரே ஒரு நனைப்புக்குத்தான் காணும். முறை வைத்துக்கொள்வது என்று கோயில் முன்னால் கூடினோம். முறை என்பது எங்கள் ஊரில் புதிதல்ல. மேல்மடையில் தொடங்கி ஒருவர் நேரம் முடிந்ததும் தன் மடையை அடைத்துவிட்டு அடுத்தவருக்கு விட வேண்டும். சிக்கல் எங்கே என்றால், எப்போது தொடங்கினோம் என்பதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. "என் ஃபோன்ல இப்பதான் ஆரம்பிச்சேன்" என்பார் ஒருவர். ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் இழுப்பார்கள். அந்தக் கொஞ்சம் எல்லாம் சேர்ந்து கடைமடையில் வந்து விடியும்.

ஒரே ஃபோனில் நேரம் வைத்து, அதையே கை மாற்றிக் கொடுப்போம் என்று ஒருவர் சொன்னார். யாருடைய ஃபோன் என்று கேட்டதும் ஆளாளுக்குக் கை தன் சட்டைப் பைக்குப் போனது. இந்தக் காலத்தில் ஃபோனை அடுத்தவன் கையில் கொடுப்பதும் கட்டிய வேட்டியை அவிழ்த்துக் கொடுப்பதும் ஒன்றுதான். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "எங்க வூட்ல ஒன்னு கீது. அதுல ஒளிக்க ஒன்னும் இல்ல."

இத்தனை வருடம் நான் அதற்கு வேலை தேடியிருக்கிறேன், இது என் புத்திக்கு எட்டவில்லை. வெயிலில் ஃபோன் திரை கருத்துப் போகும். இதன் திரையோ வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும். ஒரு ஜோடி செல்லில் வாரக்கணக்கில் ஓடும். எல்லாவற்றுக்கும் மேல், யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், உள்ளே யாருடைய கதையும் கிடையாது. கூட்டம் சிரித்தது, ஆனால் சரி என்றது.

ஏற்பாடு இதுதான். யார் முறையோ அவர் கையில் சொம்பு இருக்கும். அதற்குள் கம்ப்யூட்டர் இருக்கும். நேரம் முடிந்ததும் அது கத்தும். திரையில் ஒரு சின்னக் கட்டத்தைப் பேனாவால் குத்தினால்தான் நிற்கும். இல்லையென்றால் விட்டு விட்டுக் கத்திக்கொண்டே இருக்கும். கழனியில் வேலை செய்கிற தடித்த விரலுக்கு அந்தக் கட்டம் சிக்காது. முதல் நாள் காலையில் என் மனைவி அந்தப் பேனாவை எடுத்துத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். தொலைந்துவிடாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். வெகுளி நான்.

கால்வாய் திரும்புகிற இடத்தில் ஒரு புங்கமரம் உண்டு. அதன் நிழலில் உட்கார்ந்துகொண்டாள். சொம்பு கத்தியதும் மேல்மடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடி வருவார். அவள் கொண்டையிலிருந்து பேனாவை உருவி, ஒரு குத்துக் குத்தி நிறுத்தி, அடுத்தவருக்கு நேரம் வைத்துக் கொடுப்பாள். சாயந்திரமானால் மடைகளை அடைத்துவிட்டுக் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். ஒருவர்கூட இழுக்கவில்லை. இழுக்க முடியவில்லை. கத்துகிற சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு எவன் தண்ணீர் பாய்ச்சுவான்?

ஆனால் எங்களுக்கு நேர் மேல்மடை என் பங்காளி அண்ணனுடையது. வரப்பை வெட்டிய தகராறில் எங்களோடு பேச்சை விட்டவர். பேச்சு இல்லாதவர்கள் எங்கள் பக்கத்தில் எதையும் கையோடு கை கொடுத்து வாங்க மாட்டார்கள். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் முறை வந்தபோதும் அப்படித்தான். இவள் நேரம் வைத்துச் சொம்பை வரப்பில் வைத்தாள். அவர் எங்கோ பார்த்துக்கொண்டு எடுத்துப் போனார். அதற்குள் ஏரித் தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்குகிற நிலைக்கு வந்துவிட்டது. அவர் கொஞ்சம் இழுத்தாலும் எங்களுக்கு மண்தான். பால் பிடிக்கத் தொடங்கிய கதிர்களை அவள் ஒரு முறை பார்த்தாள். நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

நேரம் முடிந்தது. சொம்பு கத்தியது. அவர் அசையவில்லை. சொம்பை வரப்பில் வைத்துவிட்டு மண்வெட்டியோடு நின்றார். மடை திறந்தே இருந்தது.

புங்கமரத்தடியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பொறுக்க முடியாமல் எழுந்தேன். அவள் என் துண்டைப் பிடித்து இழுத்தாள். "நீங்க உக்காருங்க. அது பாத்துக்கும்."

பக்கத்துக் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "பெரியவரே, உங்க நேரம் ஆச்சாம்" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். "தண்ணி இன்னும் ஓடிக்கினு கீது பாரு" என்றாள் இன்னொருத்தி. சிரிப்புச் சத்தம் எழுந்தது. அவர் சொம்பின் மேல் துண்டைப் போட்டு மூடினார். துண்டுக்குள்ளிருந்து கத்தியது. எடுத்துக் குலுக்கினார். விரலை உள்ளே விட்டுத் திரையை அழுத்து அழுத்து என்று அழுத்தினார். அது பாட்டுக்குக் கத்தியது. கழனி முழுக்க, இவர் அடுத்தவர் தண்ணீரைப் பாய்ச்சுகிறார் என்று கூவிக் கூவிச் சொன்னது.

கடைசியில் சொம்பைத் தூக்கிக்கொண்டு அவர் வரப்பின் மேல் நடந்து வந்தார். அந்த வெயிலில், கத்துகிற சொம்போடு, வேர்த்து வழிந்துகொண்டு. கீழே வைத்துவிட்டுப் போக வழியில்லை. வைத்தால் அவள் எடுத்து நிறுத்துவாள் என்று என்ன உறுதி? அவள் முன்னால் வந்து நின்றார். கையை நீட்டினார்.

"எம்மா, இத்த நிறுத்து. பெரிய பேஜாரா கீது. மானம் போவுது."

வருடக்கணக்கில் அவர் எங்களிடம் பேசிய முதல் வார்த்தை. அவள் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் அவர் கையிலிருந்தே சொம்பை வாங்கினாள். கொண்டையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு குத்து. கழனி அமைதியானது. "மாமா, மடைய அடச்சிட்டு வாங்க. மோர் வச்சிக்கினு கீறேன்" என்றாள், நேற்றுகூடப் பேசியவள் மாதிரி.

அவர் போய்த் தன் கையாலேயே மடையை அடைத்தார். தண்ணீர் எங்கள் வாய்க்காலில் சலசலவென்று வந்தது. காய்ந்து வெடித்திருந்த மண் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கொண்டைப் பேனா புரிந்தது. கம்ப்யூட்டரை வைத்து நான் எத்தனையோ வேலை கண்டுபிடித்தேன். அதன் பேனாவை வைத்து அவள் ஒரே ஒரு வேலை கண்டுபிடித்தாள். அந்த நவரையில் எங்கள் நெல்லில் பதரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த வருடமும் ஏரி சீக்கிரமே இறங்கிவிட்டது. போன வாரம் பங்காளி அண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார், ஊர்க்காரர்கள் சிலரோடு. முறை வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. வந்த விஷயம் முழுதும் கேட்பதற்குள் உள்ளே ஓடிப் போய்ப் புது செல் போட்டேன், நேரத்தைச் சரி செய்தேன், திரையைத் துண்டால் துடைத்தேன். நம் கம்ப்யூட்டரைத் தேடி ஊரே வந்திருக்கிறது அல்லவா? மாப்பிள்ளை அழைப்பு மாதிரி அதை ஏந்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அண்ணன் அதை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

"அது கெடக்குதுடா. அந்தம்மாவ கூப்புடு. இந்த வருசத்துல இருந்து கால்வா முறைய அவங்களே பாத்துக்கட்டும்னு ஊர்ல பேசி முடிச்சிட்டோம்" என்றார்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். என் கையிலிருந்த கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து பேனாவை உருவிக் கொண்டையில் செருகிக்கொண்டு, கால்வாயைப் பார்க்க முன்னால் நடந்தாள். இத்தனை வருடமாக அந்த டப்பாவுக்கு வேலை தேடிய எனக்கு, அன்று ஒரு வேலை கிடைத்தது. சொம்பைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடப்பது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.