டிரம்மில் விட்ட நாலு விரல் இடம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் அமெரிக்காவில், ஆலன் என்ற ஊருக்கு வடக்கே சொந்த நிலத்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறேன். என் ஆடு வேண்டுமென்று டல்லாஸிலிருந்து காரில் வருகிறார்கள். எதையும் யாரிடமும் கேட்டுச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

போன குளிர்காலத்துக்கு சைலேஜும் நானே போட்டேன். பச்சை மக்காச்சோளத் தட்டையை நறுக்கி டிரம்மில் மூடிவைத்தால் புளித்து, புல் இல்லாத மாதங்களில் தீனியாகும். புளிக்கவைப்பது எனக்குப் புதிதா? ஊரில் இட்லி மாவு அரைத்து விற்று முன்னுக்கு வந்தவன் நான். மாவை அமுக்கக் கூடாது, இறுக மூடக் கூடாது, பொங்க இடம் வேண்டும். டிரம்களிலும் அப்படியே நாலு விரல் இடம் விட்டு, மூடியைச் சும்மா வைத்தேன்.

குளிர் வந்தது. பட்டியில் சினையாடுகள் கத்தின. முதல் டிரம்மைத் திறந்தால் வெள்ளைப் பூஞ்சை. கையை விட்டால் சூடு, அழுகல் நாற்றம். அடுத்ததும் அப்படியே. கெட்டதைத் தின்றால் சினை கலையும் என்று மாட்டு டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். வெயிலா, மழைத் தண்ணீரா, சோளமே சரியில்லையா? ஒன்றும் புரியவில்லை.

கடைசி டிரம்மைத் திறந்தேன். நல்ல புளிப்பு வாசம்! அதே சோளம், அதே நாள், அதே கை.

"அதே கை இல்ல மாமா," என்றாள் மருமகள். "அத நான் ஃபில் பண்ணேன். வேற டிரம் இல்ல, தட்ட நெறைய மிச்சம். ஏறி மிதிச்சேன். லிட் க்ளோஸ் ஆகல, மேலயே உக்காந்து லாக் பண்ணிட்டேன்."

"இடம் விடலையாம்மா? பொங்குமே!"

"ஏன், ஆட்டுக்கு இட்லி ஊத்தப் போறீங்களா?" என்று என் மனைவி சிரித்தாள்.

மருமகள் டாக்டருக்கு போன் போட்டாள். காற்று நிற்கும் இடமெல்லாம் கெடும், துளி இடமும் விடாதீர்கள் என்றாராம்.

அந்த ஒரு டிரம்மைச் சினையாடுகளுக்கு மட்டும் அளந்து போட்டேன். மற்ற ஆடுகளுக்குப் பக்கத்துப் பண்ணையில் காய்ந்த புல் கேட்டு நின்றேன். சினை ஒன்றும் கலையவில்லை.

இந்த வருஷம் நானே ஏறி மிதித்து, பூட்டினேன். இரண்டும் புளிப்புதானே, ஒன்றுக்கு இடம் வேண்டும், இன்னொன்றுக்கு ஏன் ஆகாது? இன்னும் பிடிபடவில்லை. பூட்டிய டிரம் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். பொங்கினால் எங்கே போகும்?