டைப்பிஸ்ட் அக்காவின் இரண்டாவது வரி

அந்தப் புத்தகத்தின் முதல் வரி எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். "போருக்குப் போய்ச் செத்துவிட்டான் என்று ஊரே நம்பிய கணவன், பன்னிரண்டு வருஷம் கழித்து, ஒரு மத்தியான வெயிலில் வந்து அவள் கதவைத் தட்டினான்." பழுப்புத்தாளில் அட்டை போட்ட புத்தகம். என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தால் அப்படி ஒரு வரியே அதில் கிடையாது. எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும், முதல் தடவை பார்த்ததைப் போலவே தூக்கிவாரிப்போடுகிறது.

வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பிரிவில் பெண்கள் நான்கு பேர். சூப்பிரண்டு மேடம், தபால் பார்க்கும் பெண், டைப்பிஸ்ட் அக்கா, நான். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ காலம் ஆகியும் அக்காவுக்கு டைப்பிஸ்ட் என்ற பெயர் மட்டும் போகவில்லை. கிறிஸ்தவர். கணவர் வடக்கே வேலைக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்துவிட்டார் என்பதும், ஒரே மகள் வேலூரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள் என்பதும்தான் எங்களுக்குத் தெரிந்த அவர் கதை. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அதிர்ந்து பேசாத மனுஷி. விசைப்பலகையில் விரல் போகும் சத்தம்தான் அவர் இருப்பதற்கு அடையாளம்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. ஆசிரமங்களுக்கு வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போகும் புத்தகங்கள் செங்கம் ரோட்டில் ஒரு பழைய புத்தகக் கடைக்கு வந்து சேரும். அதில் ஒரு வகையை மட்டும் அக்கா தேடித்தேடி வாங்குவார். அட்டையில் தரையைத் தொடும் கவுன் போட்ட ஒரு பெண், தூரத்தில் ஒரு குதிரை வண்டி, அதற்கும் பின்னால் ஒரு சர்ச் கோபுரம். நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய காதல் கதைகள். "முத்தம் கடேசிப் பக்கத்துலதாம்மா, அதுவும் கல்யாணம் முடிஞ்சாத்தான். நடுவுல எல்லாம் ஜெபம்" என்று என்னிடம் ஒருநாள் கூச்சத்தோடு சொன்னார். அட்டைப் படத்தைப் பார்த்து யாரும் ஏதும் பேசிவிடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் பள்ளிப் பிள்ளை மாதிரி பழுப்புத்தாள் போட்டு வைத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. அக்கா அந்த வாரப் புத்தகத்தைத் திறந்து, முதல் வரிக்குக் கீழே விரலை வைத்து இங்கிலீஷில் ஒரு தடவை வாசிப்பார். பிறகு தமிழில் சொல்வார். அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். சொன்னதை எல்லாம் அக்கா பென்சிலால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பெயர் போட்டுக் குறித்துக்கொள்வார். கடைசியில் தன் பெயரையும் எழுதி, எதிரே இடம் விட்டுவிடுவார். புத்தகத்தை முடித்த பிறகுதான் தன் வரியை எழுதுவாராம். அடுத்த வெள்ளிக்கிழமை கதை எப்படிப் போனது, யார் சொன்னது கதைக்குக் கிட்டே வந்தது என்று தீர்ப்பு வரும். எனக்கு வாய் ஜாஸ்தி. கதைக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்ற கவலையே எனக்குக் கிடையாது. மேடத்துக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தால் அன்றைக்கு நான் ஜெயித்த மாதிரி.

அது அக்கினி நட்சத்திர வாரம். மின்விசிறி சூட்டைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. அக்கா அன்றைக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அது டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்தது. இங்கிலீஷில் வாசிக்கவும் இல்லை, நேராகத் தமிழிலேயே அந்த வரியைச் சொன்னார். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது என் கண் முழுக்க மேடம் கொண்டுவந்திருந்த வத்தக்குழம்பில் இருந்தது.

"பன்னெண்டு வருஷமா ஒரு கடுதாசி போடத் துப்பில்ல, கதவத் தட்ட மட்டும் கை வருதா? மூஞ்சியிலேயே சாத்தினாள்னு எழுதிக்க" என்றார் மேடம்.

"தனியா இருக்கற பொம்பள. அக்கம்பக்கம் என்னா பேசும்? சாத்தத்தான் வேணும்" என்றாள் தபால் பார்க்கும் பெண்.

அடுத்தது என் முறை. உண்மையைச் சொல்கிறேன், என் மனதில் முதலில் வந்தது வேறு. கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டுக்கு, வரப்புத் தகராறில் அப்பாவோடு கோர்ட்டுக்குப் போன ஆளே வந்தாலும், அம்மா முதலில் ஒரு சொம்பு தண்ணீர்தான் கொண்டுவந்து வைப்பார். பேச்சு, சண்டை எல்லாம் அதற்குப் பிறகுதான். 'அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதில் என்ன சிரிப்பு இருக்கிறது? அதனால் முழுங்கிவிட்டு இப்படிச் சொன்னேன்: "செத்தவருக்கு வருஷா வருஷம் படையல் போட்டாச்சு, தனியா சோறு கெடையாதுன்னு சொல்லிட்டுக் கதவ சாத்தணும்."

மேடத்துக்குப் புரையேறிவிட்டது. தபால் பார்க்கும் பெண் என் முதுகில் தட்டினாள். அக்காவும் சிரித்தார் என்றுதான் நினைவு.

"அப்போ மூணு பேருக்கும் ஒரே பேச்சுதான். யாரும் மாத்திச் சொல்லல" என்றார் அக்கா.

"இதுல மாத்திச் சொல்ல என்னக்கா இருக்கு?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தீர்ப்பு வரவில்லை. இன்னும் படித்து முடிக்கவில்லை என்றார். அதற்கடுத்த வாரம் கண் வலிக்கிறது என்றார். அப்புறம் விளையாட்டே நின்றுபோனது. எங்களுக்கும் வேலை தலைக்கு மேல் இருந்தது. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு காலை நேரம், பெண் காவலர் ஒருவர் நனைந்த குடையோடு எங்கள் பிரிவுக்குள் வந்தார். கிரிவலப் பாதையில் சாமியார்களோடு படுத்துக்கொண்டிருந்த ஒருவர் காய்ச்சலில் இறந்துவிட்டாராம். அவர் துணிப்பையில் ஒரு கல்யாண போட்டோ இருந்ததாம். பின்பக்கம் எங்கள் அலுவலகத்தின் பெயர் எழுதியிருந்ததாம். போட்டோவை மேடத்தின் மேசைமேல் வைத்தார். வெள்ளைப் புடவையில், தலையில் வலை முக்காட்டோடு, கையில் பூங்கொத்தோடு நின்றது எங்கள் டைப்பிஸ்ட் அக்கா. நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டோம். அக்கா மட்டும் தட்டச்சு செய்துகொண்டிருந்த கடிதத்தை முடித்து, சேமித்துவிட்டு எழுந்தார்.

அரசு மருத்துவமனைக்கு நான்தான் ஆட்டோவில் கூடப் போனேன். உள்ளே போய் அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, வெளியே சிமெண்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்தான், காவி கட்டியிருக்கிறார் என்றார். அன்னதானம் போடும் இடங்களில் ஆறு மாதமாக அவரை எல்லாருக்கும் தெரியுமாம். தனியாகச் சோறு கிடையாது என்று நான் சொன்ன மனிதர், எங்கள் ஊரில் வரிசையில் நின்று சாப்பிட்டிருக்கிறார்.

"அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் வந்தாருமா" என்று அக்காவே ஆரம்பித்தார். "லீவு போட்டிருந்தேன். மத்தியானம். ஆபீஸ் வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சிட்டு வந்திருக்காரு. ஜன்னல் வழியாப் பாத்தேன். இளைச்சுப்போயி, தாடியும் அதுவுமா. செத்துட்டாருன்னுதான் நானே நெனச்சிருந்தேன். சர்ச்சுல ஜெபம் கூடப் பண்ணியாச்சு. தண்ணி வேணும்னாரு. வேற எதுவும் கேக்கல. எங்க இருந்தீங்கன்னு நானும் கேக்கல. உள்தாப்பாளப் போட்டுட்டு சமையல்கட்டுல போய் நின்னுக்கிட்டேன். பொண்ணு, அப்பா இல்லன்னு வளந்தவ. அவகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?"

"அப்போ மறுநாள் எங்கள எதுக்குக்கா கேட்டீங்க? நாங்க சாத்தச் சொன்னது..." என்று இழுத்தேன். நாங்கள் சொன்னதால் சாத்தவில்லை, முதல் நாளே சாத்தியாகிவிட்டது. அந்த நிமிஷத்தில் எனக்கு ஓர் அற்ப நிம்மதி வந்ததை மறைக்க மாட்டேன்.

அந்த நிம்மதி அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"சாத்தினது சரின்னு நீங்க சொல்லணும்னு கேக்கலம்மா. யாராச்சும் ஒருத்தி தொறன்னு சொல்லுவீங்களான்னுதான் பாத்தேன். அன்னிக்குக் காலையில ஆபீசுக்கு வரும்போது பஸ்ஸுல இருந்து பாத்தேன், பஸ் ஸ்டாண்டாண்ட உக்காந்திருந்தாரு. நானாப் போயிக் கூப்புட எனக்கு மானம் எடம் குடுக்கல. ஒருத்தி சொல்லியிருந்தா, சரி, சொல்றாங்களேன்னு அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பேன். சாயங்காலம் போறச்ச பாத்தேன், அந்த எடத்துல இல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்மேல கோவம் எல்லாம் இல்லம்மா. கதைதானேன்னு சொன்னீங்க" என்றார்.

அந்தச் சொம்புத் தண்ணீரைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஒரு சிரிப்புக்காக அதை விழுங்கினேன் என்று எந்த வாயால் சொல்வது? இன்றுவரை சொல்லவில்லை.

பாதிரியார் வந்து ஜெபித்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மகள் வந்திருந்தாள். அம்மாவின் கையை அவள் பிடித்துக்கொள்ளவும் இல்லை, உதறவும் இல்லை. அடுத்த பொது மாறுதலில் அக்கா வேலூருக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கடைசி நாள் மேசையைக் காலி செய்யும்போது, பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தை மட்டும் என் மேசையில் வைத்தார். "இத நான் இன்னும் படிக்கவே இல்ல" என்றார்.

இப்போது அந்தப் பிரிவில் வயதில் நான்தான் மூத்தவள். மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்த பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் சிரிக்கிறார்கள். என் வாய் முன்போல இல்லை என்று தபால் பார்க்கும் பெண் சொல்கிறாள். இன்றும் வெள்ளிக்கிழமைதான். கூட்டுப் பொரியலைத் தள்ளிவைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். முதல் வரியில் ஒரு பெண் இரும்புப் பெட்டியோடு ரயிலை விட்டு இறங்குகிறாள், அவளை அழைத்துப் போக ஒருவரும் வரவில்லை. அவ்வளவுதான். கணவனும் இல்லை, கதவும் இல்லை.

ஓரத்தில் அக்காவின் சின்னச் சின்னப் பென்சில் எழுத்து, பிறகு எப்போது எழுதினாரோ. மேடம்: சாத்தினாள். தபால்: சாத்தினாள். என் பெயருக்கு எதிரே, படையலும் சோறும் ஒரு சொல் பிசகாமல் அப்படியே இருக்கிறது. அழிக்க ரப்பர் அதே இழுப்பறையில் கிடக்கிறது, கை போகவில்லை. அதற்குக் கீழே தன் பெயரை எழுதி அக்கா எப்போதும் விடும் இடத்தை, இந்தப் புத்தகத்தில் மட்டும் படிக்காமலேயே நிரப்பிவிட்டிருக்கிறார்.

"குடம் நிறையத் தண்ணி இருந்தது."