பிளக்குக்கு வைத்த பொட்டு

எண்பதுகளில் நாமக்கல்லில் நான் காபிக்கடை திறந்த அன்று காலை கடைக்குள் இருந்தது ஐந்து பேர்: நான், என் மனைவி, மெஷின் வாங்கக் கடன் கொடுத்த அவள் அண்ணன், முதல் காபிக்குக் காத்திருந்த லாரி டிரைவர், அவசரமாகக் கூட்டிவந்த எலக்ட்ரீஷியன். காபியை மெஷினே போட்டுவிடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்குகூட எரியவில்லை.

"மத்தியானத்துக்குள்ள ஓடலீன்னா மெஷினைத் திருப்பிக் குடுத்து எம்பட பணத்தை வாங்கிக்கறேனுங்க மாப்ளே" என்றார் மச்சான்.

"கரண்டு இருக்குதுங்களா?" என்றார் டிரைவர். அவர் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் பியூஸைப் பார்த்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டினார். கடைசியில் பிளக்கைப் பிடுங்கினார். மூன்று பின்னிலும் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது.

"இதுக்குப் பொட்டு வெச்சது யாருங்க?"

நான்தான். முந்தின நாள் பூஜையில் மெஷினுக்கு எது முகம் என்று தெரியவில்லை. ஓர் இடத்தை விட்டாலும் குற்றமாகிவிடுமோ என்று எல்லா இடத்திலும் வைத்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கரண்டு பாடம் ஒன்பதாவதில் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எலக்ட்ரீஷியன் துடைக்கத் துணியை எடுத்தார். "கடை தொறக்கற நாளுல பொட்டை அழிக்காதீங்க சாமி!" என்று கத்திவிட்டேன்.

"நீங்க தொடைங்கண்ணா. இல்லாட்டி எங்கண்ணன் மெஷினைத் தூக்கிட்டுப் போயிரும்" என்றாள் மனைவி.

துடைத்தார். விளக்கு எரிந்தது. மச்சான் இரண்டு காபி குடித்தார், பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

திறந்த அன்றே கல்லாவிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்று எலக்ட்ரீஷியனைக் கூலி வாங்க மறுநாள் வரச் சொன்னேன். அவர் வரவே இல்லை. பதினைந்து ரூபாய் இன்னும் பாக்கி.